கடைத்தெருவில் கிளை கழிக்க எது ஏற்ற நேரம்?

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் கிளை கழித்த நாளில், பூக்கார அம்மாவின் கூடைக்கு இரண்டடி தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரக் கிளை விழுந்தது. காலை பத்தரை மணி இருக்கும். காய்கறி வண்டிகள் வந்து நின்றிருந்தன. மாநகரப் பேருந்து ஒன்று கிளைக்குச் சற்று முன்னால் பிரேக் போட்டு நின்றது. வேலைக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். இருவர் மரத்தில், ஒருவர் கயிற்றில், நான்காமவர் தெருவின் ஒரு முனையில் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார். மறு முனையில் யாரும் இல்லை. பூக்கார அம்மா அந்த மறு முனை வழியாக வந்து, பதினைந்து ஆண்டுகளாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்த நான்கு பேரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில், அந்தத் தெருவில், நான்கு பேரை மட்டும் வைத்து வேலை நடக்கட்டும் என்று தலையாட்டியதில் குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. இந்த ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில், கிளைகளைக் கழிக்க வேண்டும். எப்போது, எப்படி என்று சங்கக் கூட்டத்தில் பல யோசனைகள் வந்தன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, என் முடிவை இங்கே எழுதுகிறேன். இதே போன்ற தெருக்களில் வசிப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் தெற்குப் புறநகர். தெருவின் அகலம் முப்பது அடி. இரு பக்கமும் நிறுத்திய வண்டிகள் போகப் பதினெட்டு அடி மிஞ்சும். ஒரு முனையில் தொடக்கப் பள்ளி, மறு முனையில் பேருந்து நிறுத்தம், நடுவில் பிள்ளையார் கோயில், அதையொட்டிக் கடைகள். மரங்கள் நான்கு: இரண்டு தூங்குமூஞ்சி, ஒரு புங்கம், பேருந்து நிறுத்தத்தருகே ஓர் இயல்வாகை. தூங்குமூஞ்சிகளின் கிளைகள் வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் தாழ்வழுத்தக் கம்பிகளில் உரசுகின்றன. இயல்வாகைக்கு மேலே மட்டும் 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி தெருவைக் குறுக்காகக் கடக்கிறது.

மரங்களை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மரங்கள் மேல் உள்ள அன்பால்தான் சொன்னார். நானும் இந்த நிழலில்தான் நடக்கிறேன். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைக் கண்டவர்கள் அந்த யோசனையை ஏற்க மாட்டார்கள். புயல் வந்தால்தான் மரம் விழும் என்றும் இல்லை. 2022 ஜூனில் கே.கே. நகரில் சாலையில் சென்ற கார் மீது மரம் சாய்ந்து, உள்ளே இருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். பட்டுப்போன கொம்பும், வேர் அறுபட்ட அடிமரமும் நல்ல வெயில் நாளிலும் விழும். எனவே கழிக்கத்தான் வேண்டும். ஆனால் மொட்டையடிக்கக் கூடாது. தலையை வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு அடிமரத்தோடு பிடிமானம் குறைவு. சில ஆண்டுகளில் அவையே அடுத்த ஆபத்தாகிவிடும். கம்பிப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மறுபக்கத்தை விட்டாலும் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் மரம் அந்தப் பக்கம் இழுபடும்.

இனி, தெருவில் நிற்பவருக்கு உண்மையில் என்ன ஆபத்து என்பதைக் கணக்காகவே பார்ப்போம். பத்து அங்குலக் கனமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளை 150 கிலோ அளவு வரும். அது எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழ ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேல் ஆகும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். அந்த ஒன்றேகால் வினாடியில் நடந்து வருபவர் இரண்டு எட்டு வைத்திருப்பார்; முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் இருசக்கர வண்டி பத்து மீட்டர் கடந்திருக்கும். கிளை முறிவதைக் கண்ட பிறகு ஒருவர் கத்தி, இன்னொருவர் அதைக் கேட்டு, வண்டியை நிறுத்துவது என்பது நடக்காத காரியம். கிளை நேராக விழும் என்றும் நம்ப முடியாது. அடியில் பட்டையோ நாரோ பிடித்துக்கொண்டால் அது ஊஞ்சல் போல வீசி, தன் நீளத்துக்கு அப்பாலும் போய் விழும். ஆகவே, எச்சரித்துத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் போதாது. கிளை விழக்கூடிய இடத்தில் ஆளே இருக்கக் கூடாது. யோசனைகளை நான் இந்த அளவுகோலால்தான் எடைபோட்டேன்.

முதல் யோசனை, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வேலையை வைத்துக்கொள்வது. சென்னைப் பகுதியில் இது பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இருக்கும். சென்ற ஆண்டு நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இதன் பெரிய பலம், தாழ்வழுத்தக் கம்பியும் உயரழுத்தக் கம்பியும் சேர்ந்தே ஓய்ந்திருக்கும் என்பது. பச்சை இலையும் ஈரக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையில் கம்பி படாவிட்டாலும், கையில் பிடித்த கிளை கம்பியில் பட்டால் போதும். மரத்தில் ஏறுபவரைப் பொறுத்தவரை மின்தடை நாளுக்கு இணை எதுவும் இல்லை.

தெருவைப் பொறுத்தவரை அதுதான் மோசமான நாள். வேலை நாள், கடைகள் திறந்திருக்கும், பேருந்து ஓடும். போக்குவரத்தை முழுதாக நிறுத்த யாருக்கும் மனம் வராது, பாதித் தெருவை மட்டும் அடைப்பார்கள். சாலைப் பணிகளின்போது போக்குவரத்தை நெறிப்படுத்துவதற்கு சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2014இல் திருத்தி வெளியிட்ட எஸ்.பி. 55 வழிகாட்டி இருக்கிறது. பணியிடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பகுதி, அடுத்து வண்டிகள் தடம் மாறும் பகுதி, பிறகு பணிப்பகுதி, கடைசியில் பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி என்று அது பிரிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். பதினெட்டு அடித் தெருவில் இதில் எதை எங்கே வைப்பது? பாதியை அடைத்தால் மீதி ஒன்பது அடி. மரத்தின் விரிவு அதற்கும் மேலே பரந்திருக்கிறது. அடைத்த பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே ஒரு மஞ்சள் டேப் மட்டும். மனிதர்களுக்கு அது எல்லை. கிளைக்கு அப்படி எதுவும் தெரியாது. எங்கள் தெருவில் பாதி அடைப்பு என்பது அடைக்காததற்குச் சமம் என்பதைச் சென்ற ஆண்டு கண்ணால் பார்த்தோம்.

இரண்டாவது யோசனைக்குத்தான் கூட்டத்தில் அதிகம் பேர் கை தூக்கினார்கள்: ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. தெரு வெறிச்சோடிக் கிடக்கும், எட்டு மணிக்குள் முடித்துவிடலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை. கேட்க நன்றாக இருந்தது. நானும் முதலில் இதற்கே சாய்ந்தேன். பிறகு ஒரு ஞாயிறு அதிகாலை ஐந்தரை முதல் ஏழு வரை பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்து பார்த்தேன். பால் வண்டி, செய்தித்தாள் போடும் பையன்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், கோயிலுக்கு வருபவர்கள், மீன் வாங்கக் கிளம்பியவர்கள். கூட்டம் இல்லைதான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் தெருவின் நடுவில் வந்தார்கள், இருசக்கர வண்டிகள் மற்ற நாட்களைவிட வேகமாக வந்தன. காலியாக இருக்கும் தெருவும் அடைத்து வைத்த தெருவும் ஒன்றாகிவிடாது. காலித் தெருவில் ஒருவர் வந்தாலும், அந்த ஒருவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நேராக மரத்தடிக்கு வந்துவிடுகிறார்.

அதைவிடப் பெரிய குறை, ஞாயிறு காலையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. வெட்டிய கிளை கம்பியில் விழுந்து கம்பி அறுந்தால், உயிருள்ள கம்பி தெருவில் கிடக்கும். பத்து மீட்டர் தூரத்துக்குள் யாரும் நெருங்கக் கூடாது, மரத்தில் இருப்பவர் இறங்கவும் முடியாது. கீழே நடப்பவர்களின் வசதிக்காக மேலே ஏறுபவரின் உயிரைப் பணயம் வைக்கும் ஏற்பாடு இது. இதற்கு நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். வாக்கெடுப்பில் ஜெயித்தாலும் ஒப்ப மாட்டேன் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். வேலைக்கு வருபவர்கள் நம் சங்கத்தில் உறுப்பினர்கள் இல்லை, அவர்களுக்கு அங்கே கை தூக்கும் உரிமையும் இல்லை. அவர்களுக்காக யாராவது பேச வேண்டும்.

இரவு வேலை என்ற யோசனையும் வந்தது. கிளையின் எந்த இடம் உளுத்திருக்கிறது, எந்தக் கவட்டில் தேன்கூடு இருக்கிறது, கம்பி எந்த இலைக்குள் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. அதை விட்டுவிடலாம். (தேன்கூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மலைத்தேனீக் கூடு இருந்தால், அதைக் கலைத்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. ரம்ப அதிர்வில் கிளம்பும் தேனீக்கள் அருகில் இருப்பவர்களையெல்லாம் கொட்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அது அகன்ற பிறகே மரத்தில் கை வைக்க வேண்டும்.)

நான்காவது யோசனை, முதல் இரண்டிலும் உள்ள நல்லதைச் சேர்த்துக்கொள்வது: ஞாயிறு காலை, மின்சாரத்தை நிறுத்தி, தெருவை இரு முனையிலும் முழுதாக அடைத்து. இது முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். எங்கள் தூங்குமூஞ்சிகளும் புங்கமும் தொடுவது தாழ்வழுத்தக் கம்பியை மட்டுமே. அதற்கு முழுப் பகுதிக்கும் மின்தடை தேவையில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் தரும் ஒரு டிரான்ஸ்பார்மரை நிறுத்தினால் போதும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவர்கள் 'லைன் கிளியர்' என்று சொல்லும் அனுமதியோடு, அவர்களுடைய ஊழியர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். நிறுத்துவதோடு கம்பிகளைத் தரையோடு இணைக்கவும் வேண்டும். ஏதாவது ஒரு கடையின் ஜெனரேட்டரைச் வாரிய மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சரியான சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தால், நின்ற கம்பியில் பின்வழியாக மின்சாரம் ஏறிவிடும். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகள் மூன்று. மூவரிடமும் நேரில் பேசுவதாக நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

தெருவை அடைக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கயிற்றைக் கட்டிவிட்டு நாமே போலீஸ் வேலை பார்க்கக் கூடாது. போக்குவரத்துக் காவல் துறைக்கு எழுதி, பேருந்துக்கு மாற்று வழி கேட்க வேண்டும். பொதுத் தெருவில் நிற்கும் மரம் உள்ளாட்சியுடையது என்பதால், கிளை கழிப்பதும் அவர்கள் மூலமாகவோ அவர்கள் எழுத்து அனுமதியோடோதான் நடக்க வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லையில் இருப்பவர்கள் 1913 எண்ணில் பதிவு செய்யலாம்.

இந்த ஏற்பாட்டின் குறை கால அளவு. மின்சாரத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கேட்பது நியாயமில்லை. தெருவில் படுக்கையில் இருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் மூன்று மரங்களையும் ஒழுங்காக முடிக்க முடியாது. எனவே இரண்டு ஞாயிறுகள் தேவைப்படும். அப்படியே ஆகட்டும் என்கிறேன். அவசரமாக அறுத்தால் பட்டை உரிந்து அடிமரம் வரை கிழியும். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் சிறு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிப் பாரத்தை இறக்குவது, பிறகு மிஞ்சிய கட்டையைக் கிளை புடைத்துத் தொடங்கும் இடத்துக்கு வெளியே அறுப்பது என்ற மூன்று வெட்டு முறைக்கு நேரம் பிடிக்கும். மரமும் பிழைக்கும், கிளையும் சொன்ன இடத்தில் இறங்கும்.

ஆள் ஏறுவதா, ஏணி வண்டியா என்பதிலும் வாதம் நடந்தது. ஹைட்ராலிக் ஏணி வண்டி வந்தால் யாரும் மரத்தில் தொங்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அகலமான சாலையில் நானும் அதையே கேட்பேன். எங்கள் தெருவில் அதன் பக்கவாட்டுக் கால்களை விரித்தால் ஒரு கால் மழைநீர் வடிகால் மூடியின் மேல்தான் ஊன்றும். அந்தச் சிமெண்டுப் பலகை அந்தப் பாரத்துக்காகப் போட்டதல்ல. பலகை உடைந்தால் கூடையில் நிற்பவரோடு வண்டி சாயும். ஆகவே இங்கே கயிற்றில் ஏறும் ஆட்கள்தான் சரி. ஆனால் முழு உடல் பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசம், வெட்டும் கிளையில் அல்லாமல் வேறொரு உறுதியான கவட்டில் கட்டிய கயிறு, இவை இல்லாதவரை மரத்தில் ஏற விடக் கூடாது. பெரிய கிளைகளைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது. மழை பெய்த மறுநாள் பட்டை வழுக்கும். அன்று வேலையைத் தள்ளிப்போட வேண்டும், யார் எத்தனை ஏற்பாடு செய்திருந்தாலும்.

முழு அடைப்பிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இதை யோசித்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இரு முனையிலும் ஆள் நிறுத்தி வெளியாட்களைத் தடுத்துவிடலாம். உள்ளே இருப்பவர்கள்? மரத்துக்கு நேர் எதிரே பதினொரு வீடுகள். கேட்டைத் திறந்து கோலம் போட வருபவர், குப்பை கொட்ட வருபவர், வண்டியைக் கிளப்புபவர், ரம்பச் சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வரும் குழந்தை, செல்போனில் படமெடுக்க நெருங்கி வரும் இளைஞர். இவர்கள் எந்தத் தடுப்பையும் தாண்டுவதில்லை. தடுப்புக்கு உள்ளேதான் பிறக்கிறார்கள். சென்ற ஆண்டு பூக்கார அம்மாவும் அப்படித்தான் ஒருவகையில் உள்ளேயே இருந்தவர். எனவே முந்தின நாள் மாலை பதினொரு வீட்டிலும் சொல்லி, அன்று காலை அந்தப் பதினொரு கேட்டையும் பார்க்கத் தனியாக இரண்டு பேர் வேண்டும். நிறுத்திய வண்டிகளை முந்தின இரவே அகற்ற வேண்டும்.

இவர்கள் தவிர, கீழே ஒருவர். அவருக்கு வேறு வேலையே கூடாது. கயிறு பிடிக்கக் கூடாது, கிளை இழுக்கக் கூடாது, போன் பேசக் கூடாது. தரையை மட்டும் பார்க்க வேண்டும். ரம்பம் ஓடும்போது மேலே இருப்பவர் காதில் எந்தக் கூச்சலும் விழாது. சத்தம் நூறு டெசிபெலைத் தாண்டும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் முன் மேலே இருப்பவர் கீழே பார்க்க வேண்டும், கீழே இருப்பவர் கையை உயர்த்திக் காட்டினால்தான் ரம்பம் ஓட வேண்டும். கை உயராவிட்டால் வெட்டு இல்லை. ஒருவர் உள்ளே வந்துவிட்டால் மேலே இருப்பவரின் இடுப்பில் கட்டிய சிறு கயிற்றை இழுத்து நிறுத்த வேண்டும். சென்ற ஆண்டுக் குழுவில் இந்த ஒருவர் இருந்திருந்தால் பூக்கார அம்மாவை முதல் நிமிடத்திலேயே எழுப்பியிருப்பார்.

இப்போது இயல்வாகை. அதற்கு ஞாயிறு ஏற்பாடு உதவாது. டிரான்ஸ்பார்மரை நிறுத்தினாலும் மேலே 11 கிலோவோல்ட் கம்பி உயிரோடுதான் இருக்கும். ஆகவே அந்த ஒரு மரத்தை மட்டும் மாதாந்திர மின்தடை நாளில், பத்தரை மணி முதல் பன்னிரண்டு மணிக்குள் முடிப்பது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் வெளியே வர மாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைக்கக் கேட்க வேண்டும். தெருவின் அந்த முனையை, பாதியாக இல்லாமல், முழுதாக அடைக்க வேண்டும். கடைக்காரர்களுக்கு ஒரு காலை வியாபாரம் போகும். அவர்களில் இருவர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே நாள் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. நாளை மாற்றாமல் இருப்பதும்.

ஆக, என் தேர்வு இது: தூங்குமூஞ்சிகளுக்கும் புங்கத்துக்கும் இரண்டு ஞாயிறு காலைகள், ஆறு முதல் ஒன்பது வரை, டிரான்ஸ்பார்மரை நிறுத்தி, தெருவை முழுதாக அடைத்து, இயல்வாகைக்கு மின்தடை நாள். இதற்கு நான்கு பேர் போதாது. வேலைக்காரர்கள் போக, சங்கத்திலிருந்து ஐந்து பேர் வேண்டும்: முனைக்கு ஒருவராக இருவர், கேட்டுகளைப் பார்க்க இருவர், தரையைப் பார்க்க ஒருவர். நான்கு பெயர்கள் கிடைத்துவிட்டன. தரையைப் பார்க்கும் வேலையை முதல் ஞாயிறு நானே எடுத்துக்கொள்கிறேன். பூக்கார அம்மாவிடம் நேற்று பேசினேன். அந்த இரண்டு ஞாயிறும் கோயிலின் பின் மண்டபத்தில் உட்கார இடம் கேட்டார். அர்ச்சகர் சரி என்று சொல்லியிருக்கிறார்.